ஆடாத அடுப்பு

வைத்தாயிற்று, வைக்காமல் எங்கே போகும், குனிந்து வைத்து பூட்ஸ் காலால் ஓர் உதையும் விட்டோமே என்று கார்டு வைரவநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னது வாய்க்குள்தான். கூட்ஸ் வண்டியின் கடைசியில் தனியாகப் போகிற மனுஷன் வாய்க்குள் சொன்னால் என்ன, கத்திச் சொன்னால் என்ன, கேட்க ஈ காக்கை கிடையாது. பாறைமடை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய வண்டி கணவாய்ப் பக்கம் ஏற்றத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறியது. அந்தத் தலைமாட்டில் டிரைவர் ஜோசப் ரத்தினமும் ஃபயர்மேன் காதரும். இந்தக் கால்மாட்டில், பிரேக் வண்டி என்று எல்லாரும் சொல்கிற இந்த மரப்பெட்டிக்குள் இவரும், ஒரு பலகை பெஞ்சும், கைச்சக்கரமும், சுவரில் பிரேக் கைப்பிடியும், கொடிகளும், கூஜாவும், தரையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வேகிற சோறும். ஆடி மாசத்துக் காற்று கணவாய்க்குள்ளிருந்து புறப்பட்டு சாரலை வாரி முகத்தில் அடித்தது. இந்தக் காற்றுத்தான் அவரைக் கெடுத்தது. இது மட்டும் இல்லையென்றால் அந்த நினைப்பே வந்திருக்காது, பெஞ்சில் சாய்ந்து சோறு வேகிற வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார். சாரல் முகத்தில் பட்டதும், இது கிழக்கே போகிற காற்றாயிற்றே, நேரே பாறைமடைக்குப் போய் அந்த மூன்று வேகனையும் தள்ளுமே என்று தோன்றிற்று. தோன்றியதுதான் தாமதம், பின்னாலேயே அடுத்தது வந்துவிட்டது. கட்டை வைத்தோமா?

வைத்தோம். எஸ்டேட்டுக்கு வந்த உர வேகன் மூன்றையும் பாறைமடையில் சைடிங் என்கிற ஒதுக்குத் தண்டவாளத்தில் தள்ளிக் கழற்றியாயிற்று. கழற்றினால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றிலும் பக்கத்து லீவரை அமுக்கிப் பிரேக்கை இறக்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் கடைசி வேகனின் சக்கரத்துக்கு அடியில் முக்கோணக் கட்டை கொடுக்க வேண்டும், கார்டு வேலை அது, பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். லீவரை இறக்கினார், சத்தியமாக இறக்கினார், உள்ளங்கையில் துரு ஒட்டியிருக்கிறது பார். ஆனால் அந்த லீவரை நம்பி ஒரு மனுஷன் தூங்க முடியுமா? சண்டைக்காரன் கையைப் பிடித்தமாதிரிதான், பிடிக்கும், விட்டுவிடும். தேய்ந்துபோன பிரேக். கட்டைதான் எல்லாம். பாறைமடை சைடிங் பார்வைக்குத் தட்டையாக இருக்கும், தண்ணீரைக் கொட்டினால் தெரியும், சொல்லிவைத்தமாதிரி கிழக்கே ஓடும். கிழக்கே ஓடினால் தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு மண்மேடு. பேருக்கு மண்மேடு, ஆட்டுக்குட்டிகள் ஏறி மிதித்து அது உட்கார்ந்து பல வருஷமாயிற்று. மண்மேட்டைத் தாண்டினால் செசிலி வீடு. வீடு என்றால் வீடு இல்லை. கழித்துப்போட்ட ஒரு பழைய பிரேக் வண்டி, இதே மாதிரி மரப்பெட்டி, சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் இறக்கி வைத்தது. தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் அருளப்பனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்காமல், கல்யாணம் ஆன புதிதில் மரத்தடியில் பெட்டியும் பெண்டாட்டியுமாக அவன் நின்றபோது, சும்மாதானே கிடக்கிறது அந்த வண்டி, கேட்டுப் பாரேண்டே என்று சொன்னது யார்? இதே வைரவநாதன்தான். ஆபீசுக்கு நடந்து, ஆளைப் பிடித்து, வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அதில் இப்போது அவன் பெண்டாட்டி செசிலி இருக்கிறாள். பிள்ளை பெற்று இன்னும் உடம்பு தேறவில்லை. பிள்ளையும் இருக்கிறது.

இப்படி நினைத்ததும் பயம் வந்தது. பயம் என்றால் பயம், அதைச் சொல்ல வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை. எழுந்து நின்றார். சோற்றுப் பானையின் மூடி படபடவென்று அடித்துக்கொண்டது, அதை ஒரு விரலால் ஒதுக்கி ஆவியைப் போகவிட்டார். மறுபடி உட்கார்ந்தார். நிதானமாக யோசி. பாறைமடையில் இறங்கினோம். இறங்கும்போது கையில் என்ன இருந்தது? சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கக்கத்தில். கட்டை? கட்டை கையில் இருந்தது. இருந்ததா? இருந்தது, அதன் கனம் இன்னும் தோளில் தெரிகிறது, குனியும்போது முழங்கால் ஒரு சொடக்குப் போட்டது, கட்டையைத் தண்டவாளத்தோடு தள்ளிச் சக்கரத்தில் முட்டவைத்ததும் டொக்கென்று சத்தம் வந்தது, பூட்ஸால் ஓர் உதை, அப்போது வெயில் பிடரியில் சுட்டது. வெயிலா? இன்றைக்கு ஏது வெயில், விடிந்ததிலிருந்து சாரல். அப்படியானால் அந்தக் குனிவு இன்றைக்குக் குனிந்தது இல்லை. அது சித்திரையில் குனிந்தது, இல்லாவிட்டால் போன வருஷத்துது. ஒரே வேலையை ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் செய்கிறவனுக்கு இதுதான் தண்டனை, எல்லா நாளும் ஒரே குனிவு, ஒரே உதை, எதை எடுத்து இது இன்றைக்கு உள்ளது என்று காட்டுவது? சரி, சாரலில் குனிந்ததாக நினைத்துப் பார். நினைத்துப் பார்த்தார். அதுவும் உடனே வந்து நின்றது. கழுத்துக்குள் சாரல் இறங்குகிறது, கட்டை ஈரமாக இருக்கிறது, டொக். கேட்டவுடனே கொண்டுவந்து கொடுக்கிற ஞாபகத்தை எப்படி நம்புவது என்று அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

சந்தேகம் அவருக்குப் புதிது இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். சம்சாரம் பகவதி தெருமுனையிலேயே நின்றுகொள்வாள். "போங்க, போய்ட்டு வாங்க, பூட்டு உங்களைக் காணாம ஏங்கிப் போயிருக்கும்" என்பாள். அது வீட்டோடு போனால் சிரிப்பு. வண்டியில் வந்தால் சிரிப்பு இல்லை. இரண்டு தரம் நடுவழியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். முதல் தரம் வால் விளக்கு மாட்டினோமா என்று. நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தரம் தண்டவாளத்து ஓரம் ஒரு சேலையைப் பார்த்தார், பொம்பளை விழுந்து கிடக்கிறாள் என்று நிறுத்தினார், காதர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வேலியில் காயப்போட்ட சேலை என்றான். பின்னால் ஒரு பாசஞ்சர் வண்டி காத்துக் கிடந்தது, அதற்குப் பின்னால் ஒரு மெயில். பெரிய ஆபீசர் கூப்பிட்டுவிட்டார். நாற்காலி காட்டவில்லை. "கார்டுக்குக் கண் வேணும், காது வேணும். உமக்கு மனசுதான் ஏகப்பட்டது இருக்கு. இன்னொரு தரம் காரணம் இல்லாம வண்டி நின்னுதுன்னா கொடி உம்ம கையில இருக்காது, ஸ்டோர்ஸ்ல உக்காந்து ஆணி பொறுக்கலாம்" என்றார். அதிலிருந்து யார்டில் அவருக்குச் சந்தேகக் கார்டு என்று பேர். வண்டிக்காரர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் இலைபோட்டு உட்காரும்போது, அண்ணாச்சி, இது சோறுதானா பாத்துச் சொல்லுங்க என்பான்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார். சிரிக்காமல் என்ன செய்ய? கொடியில்லாமல் அவர் யார்? இருபது வயதில் பிடித்த கொடி. ஸ்டோர்ஸில் ஆணியோடு உட்கார்ந்தால் பகவதி ஒன்றும் சொல்லமாட்டாள், அந்த ஒன்றும் சொல்லாததை அவரால் தாங்க முடியாது.

ஆகவே இதுவும் அந்தச் சேலைதான். இதுவும் அந்த வால் விளக்குத்தான். நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால் கட்டை சமர்த்தாகச் சக்கரத்தடியில் இருக்கும், அருளப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான், ஆபீசர் சிரிக்கமாட்டார். அடுத்த ஸ்டேஷன் மேலக்கணவாய், அங்கே போன் உண்டு, போய்ச் சேர்ந்ததும் பாறைமடைக்கு ஒரு சுற்றுச் சுற்றி, சும்மாதான் கேட்கிறேன், அந்த உர வேகனுக்குக் கட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் போயிற்று. அதுவரைக்கும் பொறு. ஏற்றம் முடிய வேண்டும், மலைக்குள் குகை ஒன்று, அது தாண்டவேண்டும், எஞ்சின் நடக்கிற நடைக்கு எப்போது போய்ச் சேரும்? பொறு, பொறுத்துத்தான் பாரேன். ஜன்னலோரம் ஈரப் பாறைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. காற்று ஒரு தரம் ஓங்கி அடித்து வண்டியின் பலகைகளை முனகவைத்தது. இந்தக் காற்றுக்கு நாங்களே ஆடுகிறோம், சும்மா நிற்கிற வேகன் என்ன செய்யும்? அது முதலில் ஒன்றும் செய்யாது. வேகன் நகர ஆரம்பிப்பது யாருக்கும் தெரியாது. எஞ்சின் வந்தால் பூமி சொல்லும், விசில் சொல்லும், புகை சொல்லும். கழற்றிவிட்ட வேகன் வாயில்லாப் பூச்சி, பூனை நடை நடந்து வரும். பெரிய யார்டில் வேலைபார்த்த காலத்தில் போர்ட்டர் மாசானம் தண்டவாளத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான், மேட்டிலிருந்து தள்ளிவிட்ட ஒற்றை வேகன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்தது, அவன் தீக்குச்சியைக்கூட அணைக்கவில்லை. வைரவநாதன் அப்போது நாலு லைன் தள்ளி நின்று வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினபோது எல்லாம் முடிந்திருந்தது, ஒரு சத்தமும் இல்லை, அந்தச் சத்தமில்லாததுதான் இன்றுவரைக்கும் காதில் இருக்கிறது. வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிற புத்தி அதற்கு அப்புறம் வந்ததுதான்.

செசிலி பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருப்பாளா, மடியில் வைத்திருப்பாளா? தொட்டில் கட்டியிருப்பது அந்தப் பழைய வண்டியின் மேற்குச் சுவரோரம். வேகன் வந்தால் முதலில் தொடுகிற சுவர் அது. ஏன் இந்தக் கணக்கெல்லாம் போடுகிறாய், சும்மா இரு. அவள் இன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சைடிங் பக்கம் வந்தாள். ஆமாம், வந்தாள். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சாரலுக்குப் பிள்ளையை மாராப்பில் மூடி, "அண்ணாச்சி, இவனைப் பாக்காமலே போறீகளே, மாமா எப்ப வருவாகன்னு கேட்டுக்கிட்டே கெடக்கான்" என்றாள். கண்ணே முழுசாகத் திறக்காத பிள்ளை எங்கே கேட்டது, அவள் பேச்சு அப்படி. அது எப்போது? லீவரை இறக்கின பிறகா, முன்னாலா? பிறகு. கை துருவாக இருக்கிறது என்று சட்டையில் துடைத்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்கினார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி இருக்கிறதே, அந்த லீவருக்கு இல்லாத பிடி. "என்ன பேரு வைக்கப் போறிய" என்று கேட்டார். "நீங்கதான் சொல்லணும், இந்த வீடே நீங்க குடுத்ததுதானே" என்றாள். அதற்குள் முன்னாலிருந்து ஜோசப் ரத்தினம் விசில் அடித்தார், பிள்ளையைக் கொடுத்தார், ஓடிவந்து படியில் ஏறினார், பச்சைக் கொடியைக் காட்டினார். பிள்ளையைக் கொடுத்ததற்கும் ஓடிவந்ததற்கும் நடுவில் குனிந்தாரா? பிள்ளையை வாங்குவதற்கு முன்னால் குனிந்தாரா? லீவரை இறக்கியது, கையைத் துடைத்தது, பிள்ளை, விசில், ஓட்டம், கொடி. இந்த வரிசையில் குனிவை எங்கே சொருகினாலும் சொருகலாம்போல இருந்தது, எங்கே சொருகினாலும் நிற்கவும் இல்லை. ஒன்று மட்டும் உறுதி, இறங்கின புதிதில் அவர் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. உலை இப்போதுதான் வைத்தோம், கொதி வரட்டும், லீவரை முதலில் முடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். எதை எடுத்துக்கொள்ளலாம்? அதை ஏன் உலையோடு சேர்த்து நினைத்தோம்?

அப்போது வண்டி பெரிய வளைவில் ஏறியது. கணவாய் வளைவு, தெரிந்தவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். தரை ஒரு பக்கம் சாய்ந்தது. கூஜா உருண்டு கதவோரம் போய் முட்டியது. அவருடைய சாமான் பெட்டி கரகரவென்று இழுத்துக்கொண்டு போனது. கொடிக் கம்பு விழுந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், சோறு கவிழப் போகிறதே என்று ஸ்டவ்வைப் பார்த்தார். ஸ்டவ் இருந்த இடத்தில் இருந்தது. பானை அதன்மேல் இருந்தது. ஓர் அங்குலம் நகரவில்லை. நல்லவேளை என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கை கம்பியிலிருந்து நழுவியது. ஏன் நகரவில்லை? சாமான் பெட்டி நகர்கிறது, தண்ணீர்க் கூஜா உருள்கிறது, ஒரு சாண் ஸ்டவ் மட்டும் எப்படி நிற்கிறது? கார்டுகள் எல்லாரும் செய்கிற வேலைதான், ஆட்டத்தில் ஸ்டவ் ஓடாமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு கட்டை இந்தப் பக்கம் ஒரு கட்டை வைத்து நடுவில் ஸ்டவ்வை இறுக்கிவிடுவார்கள். வேகனுக்கு வைக்கிற அதே முக்கோணக் கட்டைகள், வண்டிக்கு ஒரு ஜோடிதான் உண்டு. வேகனைக் கழற்றிவிட்டுக் கட்டையைக் கீழே விட்டு வருகிற நாளில் ஸ்டவ்வை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு, மேலக்கணவாய் வரைக்கும் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலுக்குப் போனார், இதோ நிற்கிறார். குனிந்து பார்த்தார். ஸ்டவ்வின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகளும், கரி பிடித்து, கஞ்சி வடிந்த கறையோடு, இத்தனை நேரமும் அவர் கண் முன்னாலேயே இருந்தன.

அதற்கு மேல் யோசனை என்று ஒன்றும் இருக்கவில்லை. பிரேக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது, முன்னால் ஒவ்வொரு வேகனாக முட்டி இழுத்து நின்றது, எஞ்சின் ஒருமுறை கோபமாக விசில் அடித்தது. கைச்சக்கரத்தை இறுக்கிச் சுற்றினார். ஸ்டவ்வை அணைத்து, கட்டைகளைப் பிடுங்கினார், பானை சாய்ந்து வெந்த சோறு தரையெல்லாம் கொட்டியது, மிதித்துக்கொண்டே இறங்கினார். காதர் வண்டியோரமாக ஓடிவந்தான். "என்ன அண்ணாச்சி, திரும்பவும் சேலையா" என்று கேட்கத்தான் வந்தான், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைக் கட்டிக்கொண்டான். கொடிகளை அவன் கையில் திணித்தார். "வண்டியப் பாத்துக்கோடே, நான் வாறேன்" என்றார். எங்கே, ஏன் என்று சொல்லவில்லை. கக்கத்துக்கு ஒன்றாகக் கட்டையை இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே பாறைமடையைப் பார்த்து ஓடினார். ஐம்பது தாண்டிய உடம்பு. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. என்னையே இந்தத் தள்ளுத் தள்ளுகிறது, என்னையே தள்ளுகிறது என்று ஓடினார். நிறுத்தியாயிற்று, இந்தத் தடவை காரணம் இருக்கிறது, இருக்கிற காரணத்தைச் சொன்னால் சந்தேகக் கார்டு இல்லை, கைப்பிள்ளைக்காரி வீட்டின்மேல் வேகனை விட்ட கார்டு. ஸ்டோர்ஸ், ஆணி, எது வேண்டுமானாலும் வரட்டும், சாமி, அந்தத் தொட்டிலை மட்டும் விட்டுவிடு. பாலத்தில் ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் தாவும்போது கீழே சிவந்த தண்ணீர் போனது. ஒரு கால் வழுக்கி முழங்கால் கிழிந்தது. ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நின்று காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அது அவரை இன்னும் வேகமாக ஓடவைத்தது.

பாறைமடை வெளிச் சிக்னலைத் தாண்டியதும் சைடிங் தெரிந்தது. மூன்று வேகனும் நின்றன. விட்ட இடத்தில், சாரலில் நனைந்து, ஒன்றும் அறியாததுபோல நின்றன. அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. கடைசி வேகனை எட்டி, மண்டிபோட்டு, கக்கத்திலிருந்த கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளினார். தள்ள முடியவில்லை. அங்கே ஏற்கனவே ஒன்று இருந்தது. அம்மிக் குழவி. மஞ்சள் அரைத்த கறையோடு ஒரு குழவி தண்டவாளத்தின் குறுக்கே சக்கரத்தில் முட்டிக் கிடந்தது, அதற்கு முட்டுக்கொடுத்துச் சல்லிக்கற்கள் அடுக்கியிருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு மூச்சுவாங்கினார். செசிலி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி இப்படி ஓடியாறீக, வண்டி எங்க?"

குழவியைக் காட்டினார்.

"அதுவா, நாந்தான் போட்டேன். அதுக்காகவா இம்புட்டுத் தூரம்?" என்றவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "போன தடவையும் நீங்க கட்டை வைக்காமத்தானே போனீக. சாயங்காலம் காத்துல வேகன் முனகிச்சு, எட்டிப் பாத்தா ஒரு சாண் நகந்து கெடக்கு. கையில கெடச்சது இதுதான், கொண்டாந்து போட்டேன். அதுலருந்து யாரு வேகன் விட்டுட்டுப் போனாலும் நான் ஒரு பார்வை பாத்துக்கிடுவேன். உங்களுக்கு ஏற்கனவே ஆபீஸ்ல கெட்ட பேருன்னு இவுக சொன்னாக. அதான் இவுககிட்டகூட மூச்சு விடல." பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எந்திரிங்க, முழங்கால்ல ரத்தம் வருது பாருங்க."

அவர் எழவில்லை. போன தடவையா? போன தடவை இதே வளைவில் அவர் ஸ்டவ்வைக் காலில் இடுக்காமல், அதன் முன்னால் நின்றுகொண்டு, இரண்டு கையும் வீசி, ரசம் வைத்துத் தாளித்திருக்கிறார். கடுகு வெடித்த வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. மேலக்கணவாய்க்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஜோசப் ரத்தினத்தின் விசில் நீளமாகக் கேட்டது, கார்டு எங்கே என்று கேட்கிற விசில். பூட்டை இழுத்துப் பார்க்கிற அவருக்கு, வால் விளக்குக்கும் சேலைக்கும் வண்டியை நிறுத்தின அவருக்கு, போன தடவை ஒரு சந்தேகம்கூட வரவில்லை.